3.7×1010 அல்ல: பத்தாம் வகுப்பு இயற்பியல் குறித்துப் பள்ளி நிர்வாகத்துக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகக் குழுவினருக்கும் தலைமை ஆசிரியர் அவர்களுக்கும்,

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் டைரியில் ஒட்டி அனுப்பிய அறிவிப்பில் மூன்று முடிவுகளைச் சொல்லியிருக்கிறீர்கள். வாரத்துக்கு இரண்டாக இருந்த இயற்பியல் செய்முறைப் பாடவேளைகள் இனி ஸ்லிப் டெஸ்ட்டுக்குப் போகும். இயக்க விதிகள், அணுக்கரு இயற்பியல் ஆகிய இரண்டு அலகுகளையும் வகுப்பில் நடத்தாமல், நான்கு பக்க வினா-விடைத் தாள் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வீர்கள். மெல்லக் கற்போர் பட்டியலில் இருப்பவர்கள் கணக்குகளைத் தொட வேண்டாம். இந்த மூன்றும் தவறு என்று நேரில் வந்து மனு கொடுத்தோம். பதில் இல்லை. பள்ளியின் பெயரை இங்கே எழுதாமல் விடுகிறோம். தண்டையார்பேட்டைக்கும் எண்ணூருக்கும் நடுவில் இப்படி அறிவிப்பு அனுப்பியது நீங்கள் ஒருவர்தான் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

முதலில் அந்தத் தாளைப் பார்ப்போம். முதல் பக்கத்தின் அடியில், கதிரியக்கத்தை அளக்கும் அலகைப் பற்றி இருக்கிறது: ‘1 கியூரி = 3.7×1010 சிதைவுகள் / வினாடி’. பத்தின் மேல் சின்னதாக ஏறி உட்கார வேண்டிய 10, எழுத்துரு மாற்றும்போது கீழே இறங்கி 1010 ஆகிவிட்டது. உண்மையான அளவு 3.7×10¹⁰, அதாவது வினாடிக்கு 3,700 கோடி சிதைவுகள். தாளில் உள்ளபடி பெருக்கினால் வருவது 3,737. ஏறக்குறைய ஒரு கோடி மடங்கு வித்தியாசம். அதற்கடுத்த வரியில், இன்னொரு அலகான 1 ரூதர்போர்டு என்பது ‘106’; இருக்க வேண்டியது 10⁶. பிள்ளைகள் இதை அப்படியே உருப்போட்டு, அப்படியே எழுதுகிறார்கள். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் நோட்டுகளில் ‘ஆயிரத்துப் பத்து’ என்று எழுத்தால்கூட எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு கிராம் ரேடியத்தில் வினாடிக்கு எத்தனை அணுக்கள் சிதைகின்றனவோ அதை வைத்துப் பிறந்த அலகு கியூரி என்று ஒரு வாக்கியம் வகுப்பில் சொல்லியிருந்தால், ஒரு கிராமில் கோடி கோடியாக அணுக்கள் இருக்கும்போது வெறும் மூவாயிரத்துச் சொச்சமா என்று ஏதாவது ஒரு பிள்ளை கை தூக்கியிருக்கும். நடத்தாத பாடத்தில் அச்சுப்பிழையைக் கண்டுபிடிக்க ஆள் இருக்காது.

அச்சுப்பிழையை மன்னிக்கலாம். கருத்துப்பிழை வேறு ரகம். ‘கண்டெய்னர் லாரி இரு சக்கர வாகனத்தைவிடத் தாமதமாக நிற்பது ஏன்?’ என்ற கேள்விக்குத் தாளின் விடை ஒரே சொல்: நிலைமம், அதாவது ஓடும் பொருள் ஓடிக்கொண்டே இருக்கப் பார்க்கும் இயல்பு. மதிப்பெண் கிடைக்கும், சரி. ஆனால் எண்ணூர் விரைவுச் சாலையைத் தினம் இரண்டு முறை கடக்கும் பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதாது. டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வுதான் வண்டியை நிறுத்துகிறது. உராய்வு விசை நிறைக்கு நேர்விகிதம். நிறுத்த வேண்டிய உந்தமும் (நிறை × வேகம்) நிறைக்கு நேர்விகிதம். இரண்டையும் வகுத்தால் நிறை அடிபட்டுப் போகும். டயர் பிடிப்பு மட்டுமே கணக்கு என்றால், 40 டன் லாரியும் 150 கிலோ பைக்கும் ஒரே தூரத்தில் நிற்க வேண்டும். லாரி நிற்காததற்குக் காரணம் வேறு: பிரேக் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறைகிறது, ஏர் பிரேக்கில் காற்று கடைசிச் சக்கரம் வரை போய்ச் சேர நேரம் பிடிக்கிறது, பின்னால் இழுத்துவரும் டிரெய்லர் லாரியை முன்னால் தள்ளுகிறது.

நிறையைவிட வேகம்தான் ஆபத்து என்பதைக் கணக்குப் போட்டால்தான் புரியும். சாலைப் பிடிப்பின் அளவைச் சொல்லும் எண்ணான உராய்வுக் குணகம் 0.5 என்று வையுங்கள். மணிக்கு 40 கிலோமீட்டரில், அதாவது வினாடிக்கு 11.1 மீட்டரில் வரும் வண்டி பிரேக் பிடித்த பின் 12.6 மீட்டர் ஓடி நிற்கும். 60-இல் வந்தால் 28.3 மீட்டர். வேகம் ஒன்றரை மடங்கு, தூரம் இரண்டேகால் மடங்கு. ஓட்டுநர் கண்ணால் பார்த்துக் காலை அழுத்த ஒரு வினாடி என்றால், 60-இல் அதற்குள்ளேயே 16.7 மீட்டர் போய்விடும்; மொத்தம் 45 மீட்டர். சாலையில் மணலோ எண்ணெயோ கிடந்து குணகம் 0.25-க்கு இறங்கினால் 73 மீட்டர். இது மூன்று வரிக் கணக்கு. இதைத்தான் மெல்லக் கற்போர் தொட வேண்டாம் என்கிறீர்கள். சாலையைக் கடக்கும்போது மெல்லக் கற்போருக்கென்று தனியாக உராய்வுக் குணகம் கிடையாது.

ராக்கெட்டுக்கு வருவோம். ‘வெளியேறும் வாயு காற்றைப் பின்னுக்குத் தள்ள, காற்று ராக்கெட்டை முன்னுக்குத் தள்ளுகிறது’ என்கிறது தாள். காற்றே இல்லாத இடத்தில்தான் ராக்கெட்டுக்கு முக்கால்வாசி வேலை. ராக்கெட் வாயுவைத் தள்ளுகிறது, வாயு ராக்கெட்டைத் தள்ளுகிறது. மூன்றாவது ஆளாகக் காற்று நடுவில் வர வேண்டிய அவசியமே இல்லை. ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவும் நாளில் வானம் தெளிவாக இருந்தால், திருவொற்றியூர் மொட்டை மாடியிலிருந்தே நெருப்புக் கோடு தெரியும். மேலே போகப் போகக் காற்று குறைகிறதே, ராக்கெட் ஏன் இன்னும் வேகமெடுக்கிறது என்று ஒரு பிள்ளை கேட்டால், உங்கள் தாள் சொல்லும் விடை அந்த மாடியிலேயே பொய்த்துவிடும். அதே பக்கத்தில் ‘எடை 320 டன்’ என்றும் இருக்கிறது. 320 டன் என்பது நிறை. எடை அதை 9.8-ஆல் பெருக்கி வரும் சுமார் 31.4 லட்சம் நியூட்டன். கிளம்பும் நேரத்தில் உந்துவிசை இதைத் தாண்டினால்தான் ராக்கெட் தரையை விட்டு எழும்பும். நிறையையும் எடையையும் ஒரே கூடையில் போட்டுவிட்டால் இந்த விஷயத்தைச் சொல்லவே வழியில்லை.

லிஃப்டில் நிற்பவரின் எடை எப்போது மாறும் என்ற கேள்வியில் பிழையைவிட விடுபட்டது பெரிது. மேலே முடுக்கம், கீழே முடுக்கம், தடையின்றி விழுவது என்று மூன்று நிலைகள் இருக்கின்றன. சீரான வேகத்தில் போகும் நிலையைக் காணோம். அதனால் லிஃப்ட் வேகமாகப் போனாலே எடை கூடும் என்று பாதி வகுப்பு நம்புகிறது. மெட்ரோ ஸ்டேஷன் லிஃப்டில் கால் தராசை வைத்து ஏறினால் போதும். கிளம்பும்போது முள் துள்ளும், நடுவில் பழைய இடத்துக்கே வரும், நிற்கும்போது இறங்கும். 50 கிலோ பிள்ளைக்கு, வினாடிக்கு வினாடி 1 மீட்டர் முடுக்கத்தில் தராசு ஏறக்குறைய 55 காட்டும்.

செய்முறை நேரம் எதற்கு, ஆய்வகத்தில் சாமான் இல்லை என்று மனு கொடுக்க வந்தபோது சொன்னீர்கள். வடசென்னையில் இருந்துகொண்டு இதைச் சொல்லலாமா? மோதலுக்கு முன்னும் பின்னும் மொத்த உந்தம் மாறாது என்ற உந்த அழிவின்மையைக் காட்ட இந்த ஊரில் தெருவுக்கு ஒரு கருவி இருக்கிறது, கேரம் போர்டு. சென்னைக்காரர் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன். வியாசர்பாடி இளவழகி 2008-இல் சாம்பியன். காசிமா 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கி வந்தார். அந்த விளையாட்டை ஆய்வக மேசையில் வைத்தால் என்ன நடக்கும் என்று சற்று விரிவாகச் சொல்கிறோம்.

ஸ்ட்ரைக்கரின் நிறை அதிகபட்சம் 15 கிராம், காய் 5 கிராம் சொச்சம். கையால் அடிக்கக் கூடாது, ஒவ்வொரு அடிக்கும் வேகம் மாறிவிடும். இரண்டு கனமான புத்தகங்களுக்கு நடுவில் ரப்பர் பேண்டை இழுத்துக் கட்டி, ஒரே அளவு பின்னுக்கு இழுத்து ஸ்ட்ரைக்கரை விட வேண்டும். முதலில் போர்டு நீர்மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கோலிக்குண்டை வைத்தால் எந்தப் பக்கம் சாய்வு என்று தெரிந்துவிடும், அந்தக் காலுக்கு அட்டை கொடுங்கள். பிறகு காய் வைக்கப்போகும் இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, காய் இல்லாமல் ஸ்ட்ரைக்கரை விட்டு, கோட்டுக்கு அப்பால் எவ்வளவு தூரம் போகிறது என்று ஐந்து முறை அளந்து சராசரி எடுங்கள். உதாரணமாக 20 சென்டிமீட்டர் என்று கொள்வோம். இப்போது கோட்டில் காயை வைத்து அதே இழுப்பில் விடுங்கள். மோதிய இடத்திலிருந்து ஸ்ட்ரைக்கர் சுமார் 6 செ.மீ. போகும், காய் 36 செ.மீ. வரை போகும்.

உராய்வால் நிற்கும் பொருள் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதம் என்பதை லாரிக் கணக்கிலேயே பார்த்துவிட்டோம். ஆகவே தூரத்தின் வர்க்கமூலம் வேகத்துக்குப் பதிலாக நிற்கும். மோதலுக்கு முன்: 15 × √20 = 67. மோதலுக்குப் பின்: 15 × √6 = 36.7, 5 × √36 = 30, கூட்டினால் 66.7. உந்தம் அப்படியே இருக்கிறது. ஸ்டாப் வாட்ச் வேண்டாம், சென்சார் வேண்டாம். இன்னும் ஒரு படி போக விரும்பும் பிள்ளைக்கு: ஆற்றலுக்கு நிறையைத் தூரத்தாலேயே பெருக்கினால் போதும். முன்பு 15 × 20 = 300. பின்பு 15 × 6 + 5 × 36 = 270. உந்தம் குறையவில்லை, இயக்க ஆற்றலில் பத்தில் ஒரு பங்கு காணாமல் போயிற்று. மோதும்போது கேட்ட ‘டக்’ என்ற சத்தம் எங்கிருந்து வந்தது என்று அவர்களே சொல்வார்கள்.

இது சொதப்பும் இடங்களையும் சொல்லிவிட வேண்டும். மோதல் நேர்க்கோட்டில் இல்லாவிட்டால் இரண்டும் பக்கவாட்டில் பிரியும், கூட்டல் கணக்கு பொய்க்கும். அந்த அடியைத் தள்ளிவிடுங்கள். பவுடர் ஓரிடத்தில் குவிந்து ஓரிடத்தில் காலியாக இருந்தால் தூரம் ஏறுக்கு மாறாக வரும். மிகவும் கவனிக்க வேண்டியது, பிளாஸ்டிக் ஸ்ட்ரைக்கரும் மரக் காயும் ஒரே பலகையில் ஒரே மாதிரி வழுக்குவதில்லை. கூட்டுத்தொகை எப்போதும் ஒரே பக்கமாக விலகினால் காரணம் பெரும்பாலும் இதுதான். அப்போது ஸ்ட்ரைக்கருக்குப் பதில் இன்னொரு காயையே விட்டுப் பாருங்கள். வந்த காய் ஏறக்குறைய நின்றுவிடும், நின்ற காய் கிளம்பிவிடும். கடைசி பெஞ்சுவரை கைதட்டல் கேட்கும் சோதனை இது.

அதே போர்டில் தூவிய போரிக் பவுடரிலிருந்து நேராக அணு உலைக்குப் போகலாம். அணுக்கரு பாடத்தில், உலையில் நியூட்ரான்களை விழுங்கித் தொடர்வினையை அடக்கும் ‘கட்டுப்படுத்தும் கழி’ எதனால் ஆனது என்ற கேள்விக்கு ‘போரான், காட்மியம்’ என்று பிள்ளைகள் ஒப்பிக்கிறார்கள். அந்தப் போரான் தங்கள் விரல் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருப்பது யாருக்கும் தெரியாது. இயற்கைப் போரானில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு போரான்-10. அது நியூட்ரானை விழுங்கி லித்தியமாகவும் ஹீலியமாகவும் உடைகிறது. கூடங்குளத்து உலைகளில் குளிர்விக்கும் தண்ணீரிலேயே போரிக் அமிலத்தைக் கரைத்து நியூட்ரான் எண்ணிக்கையைச் சரிக்கட்டுகிறார்கள். 1986-இல் செர்னோபிலில் ஹெலிகாப்டரிலிருந்து கொட்டிய மணல், ஈயத்தோடு போரானும் இருந்தது.

இந்த அலகில் உங்கள் தாளின் பெரிய பிழைகள் இரண்டு. ஒன்று: ‘1 கிலோ யுரேனியம் பிளவுற்றால் 9×10¹⁶ ஜூல்’. (இங்கே மட்டும் மேலெழுத்து சரியாக விழுந்திருக்கிறது.) ஒரு கிலோவும் முழுக்க ஆற்றலாக மாறினால்தான் அந்த எண் வரும். பிளவில் அப்படி நடப்பதில்லை. ஒரு யுரேனியம்-235 உட்கரு பிளந்தால் சுமார் 200 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட், அதாவது 3.2×10⁻¹¹ ஜூல். ஒரு கிலோவில் 25.6×10²³ அணுக்கள். பெருக்கினால் 8.2×10¹³ ஜூல். தாளில் இருப்பது இதைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல். ஒரு கிலோவில் ஆற்றலாக மாறும் நிறை ஒரு கிராமுக்கும் சற்றுக் குறைவு. மீதி 999 கிராமும் வேறு தனிமங்களாக அங்கேயே கிடக்கும். கழிவு என்ற பிரச்சினை எங்கிருந்து வருகிறது என்பதே இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

இந்த எண்ணுக்கு உயிர் கொடுக்க அத்திப்பட்டுக்குப் போனால் போதும். வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் கட்டத்தில் 210 மெகாவாட் அலகுகள் மூன்று. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் இரண்டு உலைகளும் தலா 220 மெகாவாட் திறனுள்ளவை. கிட்டத்தட்ட சம அளவு, ஒப்பிட வசதி. மின்சாரமாக மாறுவது மூன்றில் ஒரு பங்குதான் என்றும், நம் நிலக்கரியில் கிலோவுக்கு 4,000 கிலோகலோரி என்றும் கொண்டால், 210 மெகாவாட் அலகு முழுத் திறனில் ஒரு நாள் ஓட ஏறக்குறைய 3,200 டன் நிலக்கரி வேண்டும். 60 டன் வேகனில் ஐம்பதுக்கும் மேற்பட்ட வேகன். 220 மெகாவாட் அணு உலையில் அதே நாளில் பிளவுறுவது ஒரு கிலோவுக்கும் குறைவு. இயற்கை யுரேனியத்தில் பிளவுறக்கூடிய யுரேனியம்-235 நூற்றுக்கு 0.7 பங்குதான் என்பதால், உலைக்குள் போய் வரும் எரிபொருள் நூறு கிலோவுக்குச் சற்று மேல் ஆகும். இரண்டு இடத்திலும் வேலை ஒன்றே: தண்ணீரைக் கொதிக்கவைத்து, நீராவியால் டர்பைனைச் சுற்றி, கடல்நீரால் குளிர்விப்பது. அணு உலையில் ‘அணுவிலிருந்து நேராக’ மின்சாரம் வருகிறது என்று எழுதாத விடைத்தாளை நாங்கள் பார்ப்பது அபூர்வம்.

இரண்டாவது பிழைதான் எங்களைத் தூங்கவிடாதது. ‘கட்டுப்படுத்தும் கழிகளை இறக்கினால் உலை உடனே குளிர்ந்துவிடும்.’ குளிராது. கழிகள் நிறுத்துவது தொடர்வினையை மட்டுமே. ஏற்கெனவே பிளந்து கிடக்கும் துண்டுகள் கதிரியக்கம் உள்ளவை. அவற்றின் சிதைவை எந்தக் கழியும் நிறுத்தாது. நிறுத்திய கணத்தில் முழு வெப்பத்தில் நூற்றுக்கு ஆறு, ஏழு பங்கு வந்துகொண்டே இருக்கும். 800 மெகாவாட் வெப்பம் தரும் உலைக்கு அது 50 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் அரை சதவீதம், அதாவது 4 மெகாவாட். 2011-இல் ஃபுகுஷிமாவில் ஓடிக்கொண்டிருந்த உலைகள் நிலநடுக்கத்தில் ஒழுங்காகவே நின்றன. சுனாமி மின்சாரத்தைப் பறித்ததால் இந்த மிச்ச வெப்பத்தை வெளியேற்ற முடியாமல்தான் உருகின. 2004 சுனாமியில் கல்பாக்கத்திலும் கடல்நீர் பம்ப் அறைக்குள் புகுந்தது. உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. கதிரியக்கமும் அணு உலையும் ஒரே அலகில் ஏன் இருக்கின்றன என்பதற்கு இதுவே விடை. ‘அணு உலை அணுகுண்டு மாதிரி வெடிக்குமா சார்?’ என்று கேட்கும் பிள்ளைக்கு இல்லை என்று சொல்லலாம். குண்டுக்கு ஏறக்குறைய 90 சதவீதம் செறிவூட்டிய யுரேனியம் வேண்டும். ஆனால் அத்தோடு நிறுத்தாமல் மிச்ச வெப்பத்தையும் சொல்ல வேண்டும்.

அடுத்து அரை ஆயுட்காலம், அதாவது கதிரியக்கப் பொருளில் பாதி சிதைய ஆகும் நேரம். ‘இரண்டு அரை ஆயுட்காலத்தில் பொருள் முழுவதும் சிதைந்துவிடும்’ என்று தாளின் மூன்றாம் பக்கம் சொல்கிறது. பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுசு என்ற கணக்கு. இதைச் சொல்லித் திருத்த முடியாது, செய்துதான் திருத்த முடியும். செலவு: 200 புளியங்கொட்டை.

தாயம் ஆடுவதற்குத் தேய்ப்பதுபோல ஒவ்வொரு கொட்டையையும் ஒரு பக்கம் மட்டும் சிமெண்ட் தரையில் வெள்ளை தெரியும்வரை தேய்க்க வேண்டும். வகுப்பில் நாற்பது பேர் என்றால் ஆளுக்கு ஐந்து, பத்து நிமிட வேலை. எல்லாவற்றையும் டப்பாவில் போட்டுக் குலுக்கித் தரையில் கொட்டுங்கள். வெள்ளை மேலே விழுந்தவை சிதைந்துவிட்டன என்று எடுத்து வேறு தட்டில் போடுங்கள். தூக்கி எறியாதீர்கள்: தாய் உட்கரு சிதைந்தால் காணாமல் போவதில்லை, சேய் உட்கருவாக அங்கேயே இருக்கிறது. மிச்சத்தை எண்ணி எழுதி, மீண்டும் குலுக்குங்கள்.

200, 100, 50, 25 என்று வரும் என எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். தேய்த்த பக்கம் தட்டையாகிவிடுவதால் அது தரையோடு படிய விரும்பும். கறுத்த முதுகே அதிகம் மேலே வரும். நூற்றுக்கு நாற்பது வெள்ளை விழுந்தால் வரிசை ஏறக்குறைய 200, 120, 72, 43, 26, 16, 9 என்று இறங்கும். கணக்கு தப்பிவிட்டது என்று ஆசிரியர் அழிக்கச் சொல்வார். தயவுசெய்து அழிக்கக் கூடாது. வரைபடத்தாளில் புள்ளி வைத்துக் கோடு போட்டு, 200 எங்கே 100 ஆகிறது என்று பார்த்தால் ஒன்றரைக் குலுக்கலுக்குச் சற்று முன்னால் இருக்கும். 100 எங்கே 50 ஆகிறது என்று பாருங்கள், அதே இடைவெளி. 80 எங்கே 40? அதே இடைவெளிதான். எங்கிருந்து தொடங்கினாலும் பாதியாக ஆகும் நேரம் மாறாது என்பதுதான் அரை ஆயுள். ‘பாதி’ என்ற சொல் அல்ல. தாயக்கட்டையால் செய்தால் நான்கில் ஒரு முகம்தான் கணக்கு, அரை ஆயுள் நீளும். தனிமத்துக்குத் தனிமம் அரை ஆயுள் ஏன் வேறுபடுகிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கடைசியில் ஆறேழு கொட்டை மிஞ்சும்போது வரிசை தாறுமாறாகும். ஒரு குலுக்கில் ஒன்றும் போகாது, அடுத்ததில் நாலு போகும். எந்தக் கொட்டை எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது, கூட்டம் பெரிதாக இருக்கும்வரை விதி நிற்கும்.

அரை ஆயுளைத் தப்பாகப் படித்தால் என்ன குடிமுழுகிவிடும் என்று கேட்கலாம். உங்கள் பிள்ளைகளின் வீட்டுப் பெரியவர்கள் என்ன வேலை செய்கிறார்கள் என்று சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள். மணலியில் ஒப்பந்தத் தொழிலாளி, துறைமுகத்தில் கண்டெய்னர் இறக்குபவர், காயலான் கடை வைத்திருப்பவர். பெரிய குழாய்களின் வெல்டிங்கில் விரிசல் உண்டா என்று பார்க்கப் பொதுவாகப் பயன்படுத்துவது இரிடியம்-192 என்ற கதிரியக்கப் பொருள். அரை ஆயுட்காலம் 74 நாள். உங்கள் தாளின்படி 148 நாளில் அது வெறும் உலோகம். உண்மையில் கால் பங்கு இருக்கும். ஒரு வருடம் கழித்தும் முப்பதில் ஒரு பங்கு இருக்கும். மருத்துவமனையிலும் ஆய்வகத்திலும் பயன்பட்ட கோபால்ட்-60-க்கு 5.27 வருடம், சீசியம்-137-க்கு முப்பது வருடம்.

1987-இல் பிரேசிலின் கோயானியாவில், கைவிட்ட சிகிச்சை நிலையத்திலிருந்து எடுத்த இயந்திரத்தைப் பழைய இரும்புக் கடையில் உடைத்தார்கள். இருட்டில் நீலமாக மின்னிய சீசியம் பொடியைக் கையில் தடவிப் பார்த்தார்கள். நான்கு பேர் இறந்தார்கள், அதில் ஒன்று ஆறு வயதுப் பெண் குழந்தை. 2010-இல் டெல்லி மாயாபுரியில், ஒரு பல்கலைக்கழக ஆய்வகம் ஏலத்தில் விட்ட பழைய கருவியில் இருந்த கோபால்ட்-60 காயலான் கடைக்குப் போய் ஒருவர் உயிரிழந்தார். இரண்டு இடத்திலும் அந்தப் பொருளைக் கையில் எடுத்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது.

ஆகவே மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் கொண்ட முக்குறிச் சின்னம் (கதிரியக்க எச்சரிக்கை) எங்கள் பகுதிப் பிள்ளைக்கு ஒரு மதிப்பெண் கேள்வி அல்ல. அதைப் பார்த்தால் தொடக் கூடாது, உடைக்கக் கூடாது, விலகிப் போக வேண்டும், மற்றவர்களை விலக்கிவிட்டுப் போலீசுக்குச் சொல்ல வேண்டும். எவ்வளவு விலக வேண்டும் என்பதும் கணக்குதான்: ஒரு மீட்டரிலிருந்து மூன்று மீட்டருக்குப் போனால் ஒன்பதில் ஒரு பங்கு, பத்து மீட்டருக்குப் போனால் நூறில் ஒரு பங்கு. ‘ஈய உடை எல்லாக் கதிரையும் தடுக்கும்’ என்கிறது உங்கள் தாள். எக்ஸ்ரே அறையில் போடும் ஈய அங்கியின் தடிமன் அரை மில்லிமீட்டர் அளவு. கோபால்ட்-60-இன் காமாவைப் பாதியாக்கவே ஏறக்குறைய 12 மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். காமா கதிர் பட்ட ஆள் கதிரியக்கம் உள்ளவராக மாறுவதில்லை, கதிரியக்கப் பொடி ஒட்டிய ஆள்தான் அதைச் சுமந்து வருகிறார் என்ற வேறுபாடு தாளில் எங்குமே இல்லை. இது தெரியாததால்தான் புற்றுநோய்க்கு வெளியிலிருந்து கதிர் பாய்ச்சும் சிகிச்சை எடுத்துத் திரும்பிய பாட்டியிடம் பேரப்பிள்ளையை அண்டவிடாத வீடுகள் இருக்கின்றன.

மதிப்பெண்தான் உங்கள் கவலை என்றால் அதையும் பேசுவோம். அறிவியலில் எழுத்துத் தேர்வுக்கு 75, செய்முறைக்கு 25. திருப்புத்திறன் சோதனையை (அளவுகோலைத் தொங்கவிட்டு, இரு பக்கமும் சமன் செய்து தெரியாத நிறையைக் காண்பது) தேர்வுக்கு முந்தைய நாள் ஒருமுறை காட்டி முடிப்பது உங்கள் திட்டம். அதில் வரும் தவறுகள் ஒவ்வொரு வருடமும் ஒன்றேதான். மர அளவுகோல் முனை தேய்ந்திருக்கும், சமநிலைப் புள்ளி 50-இல் இல்லாமல் 49.6-இல் இருக்கும், பிள்ளை 50 என்றே எழுதும். பொருள் தொங்குவது 81.6 கோட்டில் என்றால் தூரம் 32, பிள்ளை 81.6 என்று எழுதும். 100 கிராமை 40 செ.மீ.-இல் தொங்கவிட்டு, தெரியாத பொருள் 32-இல் சமன் செய்தால் 125 கிராம். இதையே 10-க்கும் 8-க்கும் வைத்தாலும் விடை அதுதான், ஆனால் 2 மில்லிமீட்டர் பிசகு அங்கே நூற்றுக்கு இரண்டரை, இங்கே நூற்றுக்கு முக்கால்கூட இல்லை. மின்விசிறியை நிறுத்தாமல் செய்தால் எதுவுமே நிற்காது. இவையெல்லாம் கை பழகித் தெரிய வேண்டியவை. ஒருநாளில் நாற்பது பேருக்கு ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு பழக்க முடியாது.

எங்கள் கோரிக்கைகள் இவை. அடுத்த திங்கட்கிழமை முதல் இரண்டு செய்முறைப் பாடவேளைகளையும் பழையபடி கால அட்டவணையில் போடுங்கள். ஸ்லிப் டெஸ்ட்டை எந்தப் பாடவேளையில் வைப்பதென்று நீங்களே முடிவு செய்யுங்கள், இவற்றில் வேண்டாம். நான்கு பக்கத் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே உருப்போட்டவர்களுக்காக, மேலே சொன்ன பிழைகளை ஒவ்வொரு பிரிவிலும் கரும்பலகையில் எழுதித் திருத்தச் சொல்லுங்கள், கியூரியின் மேலெழுத்திலிருந்து தொடங்கி. திருத்திய தாள் வேண்டுமென்றால் ஒரு வாரத்தில் எழுதித் தருகிறோம், பணம் வேண்டாம்.

மெல்லக் கற்போர் கணக்குகளை விடலாம் என்ற வரியை எழுத்துமூலம் ரத்து செய்யுங்கள். வாய்மொழியாகச் சொன்னால் அது வகுப்பறைவரை வந்து சேராது.

ஆய்வகப் பூட்டின் சாவியை இயற்பியல் ஆசிரியரிடம் கொடுங்கள். மீட்டர் அளவுகோல் குறைந்தது எட்டும், எடைக்கற்கள் எட்டு ஜோடியும் வாங்குங்கள். ஐந்து பேருக்கு ஒரு செட் என்பது நியாயமான அளவு. கேரம் போர்டும் புளியங்கொட்டையும் நாங்கள் கொண்டுவருகிறோம். ஒரு செய்முறைப் பாடவேளையில் குழுவிலிருந்து ஒருவராவது வந்து உட்கார்ந்து பாருங்கள்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கி, முக்குறிச் சின்னத்தையும், 2007-இல் வந்த சிவப்பு முக்கோண எச்சரிக்கைக் குறியையும் (மண்டை ஓடு, ஓடும் மனிதர்) திரையில் காட்டுங்கள். காயலான் கடைப் பெற்றோரைத் தனியாக அழைக்க வேண்டாம், மனம் நோகும். எல்லோருக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

இந்த மடலுக்கு 15 நாளுக்குள் எழுத்துமூலப் பதில் வேண்டும். வராவிட்டால், தாளின் நகலையும் இந்த மடலையும் இணைத்து மாவட்டக் கல்வி அலுவலகத்தில் மனுவாகக் கொடுப்போம்.

இப்படிக்கு,
வடசென்னையில் மாலை வகுப்பு எடுக்கும் இயற்பியல் ஆசிரியர்கள்